நாற்பதில் நீந்தக் கற்றால்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கையால் நடந்தாலும் சில நிமிடங்களில் மரைன் டிரைவ் வந்துவிடும். அதைத் தாண்டினால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். கொட்டாஞ்சேனைக்கு ஒரு பக்கம் துறைமுகம்; வடக்கே முகத்துவாரத்தில் களனி கங்கை கடலோடு சேர்கிறது. கொழும்புத் தமிழர் செறிந்து வாழும் இந்த இரண்டு இடங்களும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. இருந்தும், வேலைக்குப் போகிற வயதில் உள்ளவர்களிடையே நீந்தத் தெரிந்தவரை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த நாட்டைப் புரட்டிப்போட்டது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைநாட்டில் மண்சரிவு, தாழ்நிலங்களில் வெள்ளம். களனி கங்கை பெருகிக் கொழும்பின் ஓரங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. புயல் இல்லாத ஆண்டுகளிலும் இலங்கையில் நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் சுற்றுலா போன இளைஞர்களின் படங்கள் பத்திரிகையில் வருகின்றன. உடனே வீடுகளில் ஒரு பேச்சு எழும்: “பிள்ளைகளை நீச்சலுக்கு விட வேண்டும்.”

பிள்ளைகளை விட வேண்டியதுதான். நான் இங்கே கேட்பது அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்காக. முப்பத்தைந்திலும் நாற்பத்தைந்திலும் ஐம்பத்தைந்திலும் நிற்பவர்கள் நீந்தக் கற்க வேண்டும். உயிர் காப்பது அதன் ஒரு பயன். அந்தப் பயன் வாழ்நாளில் ஒருமுறை தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். வாராவாரம் கைக்கு வரும் பயன் வேறொன்று. வேலையில் வறண்டுபோன மனத்தை, உடம்பால் புதிதாக ஒன்றைக் கற்பதுபோல வேறெதுவும் மீட்டுத் தருவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இருவர் வேலையை ஒருவர் செய்யும் காலம்

2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி இந்த நாட்டை விட்டுப் போனார்கள். வைத்தியர்கள், பொறியியலாளர்கள், வங்கி அலுவலர்கள், கணக்காளர்கள் என்று படித்தவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். போனவர்களின் மேசைகள் பல இடங்களில் இன்னும் நிரம்பவில்லை. மிஞ்சியவர்கள்தான் இரண்டு பேரின் வேலையை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காலையில் காலி வீதி நெரிசல். பகல் முழுக்கக் கதிரையும் திரையும். இரவு ஒன்பது மணிக்கும் கந்தோர் வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வரும். சனி, ஞாயிறு வந்தால் பிள்ளைகளை ஒரு ரியூசனில் இறக்கி இன்னொன்றிலிருந்து ஏற்றுவது. ஓய்வென்று கிடைப்பது கையிலிருக்கும் போனைத் தள்ளிக்கொண்டு கிடப்பதுதான். நித்திரை கொண்டெழும்பினாலும் களைப்புப் போகவில்லை என்று சொல்லாதவர்களை நான் காண்பது அரிதாகிவிட்டது.

செட்டியார் தெரு நகைக்கடைகளிலும் வெள்ளவத்தைப் புடவைக்கடைகளிலும் வேலை செய்பவர்களின் களைப்பு வேறு விதம். பகல் முழுவதும் நின்ற கால். அவர்களுக்கு இன்னும் அலைச்சலைச் சொல்லி அனுப்ப முடியாது. ஆனால் கால் பாரம் சுமக்காத ஓரிடம் உண்டென்றால், அது தண்ணீர்.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகின் வளர்ந்தவர்களில் 31 சதவீதத்தினர் போதிய உடல் அசைவு இல்லாமல் வாழ்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சிதான் அந்த நிறுவனம் கேட்பது. நாளொன்றுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்கும் இடமில்லாமல்தான் நம் நாட்கள் கட்டப்பட்டிருக்கின்றன.

நடப்பது போதாதா?

விடியற்காலையில் மரைன் டிரைவில் நடப்பவர்களைப் பார்க்கிறோம். பெரும்பாலானோர் சீனி வருத்தமோ பிரஷரோ வந்த பிறகு, டொக்டர் சொல்லி நடப்பவர்கள். அது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் நடை நமக்கு ஒரு வயதிலிருந்தே தெரியும். கால் தன்பாட்டில் போகும். தலைக்குள் நேற்றைய கூட்டமும் இன்றைய கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும். வேலை நம்மோடு சேர்ந்து நடக்கிறது.

தெரியாத ஒன்றை உடம்பு கற்கும்போது அப்படி நடக்க வழியில்லை. தடாகத்தின் ஆழமில்லாத பக்கத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நின்று, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடச் சொல்வார் பயிற்றுநர். கேட்கும்போது சின்ன வேலை. வளர்ந்தவரின் கழுத்து அதற்கு இணங்காது. நாடி மேலே போகும். தலை பாரமானது, அதைத் தூக்கிய கணமே இடுப்பும் காலும் கீழே இறங்கும். கால் இறங்கியதும் பயம் வந்து மூச்சைப் பிடிப்போம். பிடித்த மூச்சு எப்போதாவது வெடிக்கத்தானே வேண்டும், அப்போது மூக்கால் தண்ணீர் ஏறும். இருபது வருடம் மற்றவர்களுக்கு வேலை சொல்லிப் பழகியவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமுவார். அவரின் பாதி வயதுள்ள பயிற்றுநர் பொறுமையாகச் சொல்வார்: “கழுத்தை விடுங்க அங்கிள், தண்ணி தாங்கும்.”

தண்ணீர் தாங்கும் என்பது உண்மை. நுரையீரலில் காற்று இருக்கும்வரை உடம்பு மிதக்கத்தான் பார்க்கிறது. நாம்தான் தலையைத் தூக்கி அதைக் கெடுக்கிறோம். மூச்சைத் தண்ணீருக்குள் நிதானமாகக் குமிழ் குமிழாக விடவும், தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி ஒரு வாய் காற்று எடுக்கவும் கழுத்து ஒரு மாலையில் ஒப்புக்கொள்ளும். அன்று கால்கள் தானாக மேலே வரும். அந்த ஒரு மணி நேரத்தில் வட் வரிக் கணக்கு ஞாபகம் வராது. வருவதற்கு இடம் இல்லை. போனும் அலுமாரிக்குள் இருக்கிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்க வளர்ந்தவர்களுக்கு மூன்று மாதம் பழக்கி, முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தார்கள். அசைவைப் பார்த்து உணரும் பகுதிகளில் சாம்பல்நிறத் திசு பெருகியிருந்தது. பழக்கத்தை விட்டதும் அது குறையத் தொடங்கியது. 2004இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு அது. 2008இல் அறுபதை ஒட்டிய வயதினரிடம் இதே சோதனையைச் செய்தபோது அவர்களிடமும் மாற்றம் தெரிந்தது. வயது போனால் மூளை புதிதாக எதையும் ஏற்காது என்ற எண்ணத்தை இந்த இரண்டு ஆய்வுகளும் அசைத்துவிட்டன.

வேலைக்கு இதனால் என்ன? நல்ல நித்திரையும், கதிரையில் கூனிப்போன தோளும் முதுகும் நிமிர்வதும் முதலில் தெரியும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நாம் நாற்பதை எட்டும்போது தெரிந்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்பவர்களாகிவிடுகிறோம். தெரியாமல் நிற்பது எப்படியிருக்கும் என்பதே மறந்துபோகிறது. தண்ணீரில் தடுமாறிய ஒரு கணித ஆசிரியைக்கு, பின்வாங்கில் இருக்கும் பிள்ளை “விளங்கேல்ல மிஸ்” என்று சொல்லும்போது கோபம் வருவது கடினம். தன் கழுத்துக்கு விளங்க எத்தனை வாரம் எடுத்தது என்று அவருக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த பையன் அதே பிழையை மூன்றாம் முறை விடும்போது ஒரு முகாமையாளரின் குரல் தணியும். இதைப் பயிற்சிப் பட்டறைகளில் சொல்லிக்கொடுக்க நிறுவனங்கள் காசு செலவழிக்கின்றன. தடாகத்தில் அது சொல்லாமலே வருகிறது.

நாற்பதில் கற்றவர்கள், கடலைக் கடந்தவர்கள்

1910இல் தென்னாபிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கியபோது காந்திக்கு வயது நாற்பது கடந்திருந்தது. பெயர் பெற்ற சட்டத்தரணி. அவருடைய நண்பரும் கட்டடக் கலைஞருமான காலன்பாக், மரியன்ஹில் துறவியர் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கப் பழகி வந்தார். அவரிடமிருந்து காந்தி கற்றார். தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்த அந்தப் பண்ணையில் போராட்ட வேலையும் தோல் வேலையும் ஒரே நாளில் நடந்தன. தன்னைச் சிறையிலடைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கே அவர் ஒரு சோடிச் செருப்பைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்.

நீச்சலுக்கு நாம் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பாக்குநீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, ஆண்டு 1954. அடுத்து வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன், ஊர் அன்போடு ஆழிக்குமரன் என்று அழைத்தவர். 1971இல் போகவும் வரவுமாக அதே நீரிணையை 51 மணி நேரத்தில் நீந்தினார். 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் சைக்கிள் ஓட்டினார். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர்விட்டார். இருவழிப் பயணத்தில் அவர் வைத்த நேரத்தை 2021 ஏப்ரலில்தான் விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர 28 மணி 19 நிமிடத்தில் முறியடித்தார்.

ஆனந்தன் சட்டத்தரணி. நீச்சலால் சோறு சாப்பிட்டவர் அல்லர். வழக்குக் கட்டும் கடலும் ஒரே மனிதருக்குள் இருக்கலாம் என்று நம்மிடையே வாழ்ந்து காட்டியவர். அவரை நினைவுகூர்கிறோம், பிள்ளைகளுக்குப் பெயரைச் சொல்கிறோம். அவர் பழகிய அந்த வித்தையை மட்டும் கைவிட்டுவிட்டோம்.

கைவிட்டதற்கு நம் சோம்பல் மட்டும் காரணமென்று சொன்னால் அநியாயம். முந்திய தலைமுறையினர் யாழ்ப்பாணத்தில் கீரிமலைக் கேணியிலும் தொண்டைமானாற்றிலும் மாமா, சித்தப்பாவின் கையைப் பிடித்து நீந்தப் பழகினார்கள். யுத்தம் வந்தது. கடற்கரைகள் உயர்பாதுகாப்பு வலயங்களாயின. கீரிமலைப் பக்கம் ஆண்டுக்கணக்கில் யாரும் போக முடியவில்லை. கடலில் இறங்கவே அனுமதி வேண்டியிருந்த காலம் அது. இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தவர்கள் வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீடுகளிலும் பிள்ளைகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார்கள். சோதனைச்சாவடிகளும் சுற்றிவளைப்புகளும் இருந்த ஊரில் பிள்ளையைக் கடற்கரைக்கு எந்தத் தாய் அனுப்புவாள்? அந்தப் பிள்ளைகள்தான் இன்று நாற்பது வயதில் நிற்கிறார்கள். ஒரு தலைமுறை தண்ணீரை இழந்தது. அதைத் திரும்பப் பெற அவர்களுக்கு உரிமை இருக்கிறது, காலமும் இருக்கிறது.

பெண்களுக்கு நேரமும் இடமும்

கிழக்கில் அறுகம்பேயில் 2018இல் பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது, நாட்டின் முதலாவது. அதில் சேர்ந்தவர்களில் பிள்ளைகளின் தாய்மாரும் இருந்தார்கள். ஊரில் எதிர்ப்பு வந்தது. விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். கடலோரத்தில் பிறந்தும் கடலில் இறங்காமல் வளர்ந்த பெண்கள் அவர்கள். அவர்களால் முடிந்தது நம் பெண்களுக்கும் முடியும்.

தடைகள் எவையென்று நமக்குத் தெரியும். என்ன உடுப்பது? ஆண் பயிற்றுநரா? ஈரத்தலையோடு பஸ்ஸில் வருவதா? இவை சில்லறைக் கேள்விகள் அல்ல. இவற்றுக்குப் பதில் இல்லாததால்தான் பெண்கள் தடாகத்தின் படலை வரை போய்த் திரும்புகிறார்கள். முழங்கை முதல் கணுக்கால் வரை மூடும் நீச்சலுடை இப்போது கொழும்புக் கடைகளில் கிடைக்கிறது. பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம், பெண் பயிற்றுநர், தலையுலர்த்த ஓர் அறை ஆகிய மூன்றையும் ஒரு தடாகம் ஏற்பாடு செய்தால் வகுப்பு நிரம்பும். முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏறக் கஷ்டப்படும் அம்மாமாருக்குத் தண்ணீரைவிட நல்ல பயிற்சிக்களம் கிடையாது.

காசும் பயமும்

நீச்சல் பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சு உண்டு. கொழும்பின் கழகக் கட்டணங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பங்களாதேஷ் வேறு வழி காட்டியது. அங்கே கிராமக் குளங்களில் மூங்கிலால் மேடை கட்டி, ஊரவர்களையே பயிற்றுநர்களாக்கிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பளிங்குத் தடாகம் இல்லாமலே அது நடந்தது.

நெதர்லாந்தில் பிள்ளைகள் நீச்சல் சான்றிதழுக்கான சோதனையின் ஒரு பகுதியை உடுப்பும் சப்பாத்தும் போட்டபடி நீந்திக் காட்ட வேண்டும். ஊரெங்கும் வாய்க்கால் உள்ள நாடு; தவறி விழுபவர் நீச்சலுடையோடு விழுவதில்லை. வெள்ளவத்தையிலும் வாய்க்கால் ஓடுகிறது. நம் வகுப்புகளின் கடைசிப் பாடமும் அப்படி இருக்கட்டும்.

பயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையில் மூழ்கி இறப்பவர்களில் ஆண்கள்தான் அதிகம். கொஞ்சம் நீந்தத் தெரியும் என்ற துணிவும் குடியும் சேர்ந்தால் அது கொல்லும். தடாகத்தில் கற்றவர் கடலுக்குத் தயாரானவர் அல்லர். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்திக் களைக்கக் கூடாது. கரைக்குச் சமாந்தரமாக நீந்தி அதைவிட்டு வெளியேறிய பிறகே திரும்ப வேண்டும். இருதய நோய், வலிப்பு உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்ட பிறகே தண்ணீரில் இறங்க வேண்டும். வேலைக் களைப்பாகத் தொடங்கி, எதிலும் பிடிப்பில்லாத கவலை நோயாக முற்றியவர்களுக்கு நீச்சல் துணையாகலாம். மருத்துவரின் இடத்தை அது எடுக்காது.

யார் என்ன செய்யலாம்

கொழும்பின் பெரிய பாடசாலைகள் பலவற்றில் தடாகம் இருக்கிறது. பிள்ளைகளின் பயிற்சி முடிந்த பிறகு இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை அவற்றைப் பெற்றோருக்கும் அயலவருக்கும் திறந்துவிடலாம். வரும் கட்டணம் தடாகத்தின் பராமரிப்புக்கே போகட்டும். பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் கிரிக்கெட் போட்டிக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை உயிர்காப்பாளர் ஒருவரின் சம்பளத்துக்கு ஒதுக்கினாலே இது தொடங்கிவிடும்.

வெள்ளவத்தையின் புதிய தொடர்மாடிகள் சிலவற்றின் உச்சியில் சிறு தடாகங்கள் உள்ளன. வீடு விற்கும்போது விளம்பரத்தில் வந்தவை. பெரும்பாலான நாட்களில் வெறுமனே கிடக்கின்றன. கற்றுக்கொள்ள அந்த அளவு போதும். முகாமைத்துவக் குழு ஒரு தகுதியுள்ள பயிற்றுநரை ஒழுங்குசெய்து, வாரத்தில் இரண்டு மாலையை வளர்ந்தவர்களுக்கு ஒதுக்கினால், லிப்டில் மட்டும் சந்திக்கும் அயல்வீட்டுக்காரர்கள் பேசிப் பழகவும் வழி பிறக்கும்.

கொட்டாஞ்சேனைக்காரர்களுக்குத் தேசியப் போட்டிகள் நடக்கும் சுகததாச தடாகம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே வளர்ந்த தொடக்கநிலையாளருக்கென்று, வேலை நேரத்துக்குப் பிறகு, தமிழிலும் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு வேண்டும். தண்ணீருக்குள் பயந்து நிற்பவருக்குத் தன் மொழியில் ஒரு சொல் கேட்க வேண்டும். சிங்களமோ ஆங்கிலமோ விளங்கும் என்பது அந்த நேரத்தில் உதவாது. தொகுதியின் மாநகர சபை உறுப்பினர்கள் விளையாட்டு அமைச்சிடம் எழுத்தில் கேட்கக்கூடிய கோரிக்கை இது. வட கொழும்பில் தாழ்நிலக் குடும்பங்களுக்கு அந்த வகுப்பு இலவசமாக இருக்க வேண்டும். வெள்ளம் முதலில் ஏறுவது அவர்களின் வாசலில்.

நிறுவனங்களுக்கு ஒன்று. ஆண்டு முடிவில் விடுதியில் விருந்துக்குச் செலவழிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் ஒரு பகுதியை எடுத்து, விரும்பும் ஊழியர்களுக்கு மூன்று மாத நீச்சல் கட்டணத்தைக் கொடுங்கள். வகுப்புள்ள நாளில் ஐந்து மணிக்கு அவர்களை விட்டுவிடுங்கள். அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் அவர்களைத் தேட வேண்டாம்.

தண்ணீரே ஒத்துவராதவர்களும் இருப்பார்கள். மிருதங்கம், தச்சு, தையல், சிலம்பம், மண்பானை எதுவானாலும் சரி. தெரியாததாக இருக்க வேண்டும், உடம்பு முழுதாக ஈடுபட வேண்டும், நேரில் ஒருவரிடம் கற்க வேண்டும். யூடியூபில் பார்த்துத் தொடங்குவது பாதியில் நின்றுபோவதற்குக் காரணம், கழுத்தை விடச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லாதது.

நீச்சலைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாதத்தைப் பார்த்துத் தொடங்கலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கொழும்புக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கடல் பக்கம் போகாமல் தடாகத்திலேயே பழக வேண்டும். வாரத்தில் இரண்டு வகுப்பென்று விடாமல் போனவருக்கு ஒக்டோபருக்குள் மிதக்கவும், மூச்செடுக்கவும், மல்லாந்து படுத்து இளைப்பாறவும் வந்துவிடும். டிசம்பரில் கடல் அடங்கும். அப்போது உயிர்காப்புப் பயிற்சி பெற்ற ஒருவருடன், காலை வேளையில், இடுப்பளவு தண்ணீரைத் தாண்டாமல், கின்ரோஸ் கடற்கரையில் முதன்முறையாக இறங்கலாம்.